ஐந்நூறு பேருக்கு ஒரு ரசம்

முகூர்த்தம் முடிந்து முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்யாண வீடு. நான் கொல்லைப்புறத்தில் கோட்டை அடுப்பருகே நின்றுகொண்டிருந்தேன். அண்டா நிறைய ரசம். சமையல்கார அண்ணாச்சி கரண்டியால் கோரி, உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். எனக்கும் கொஞ்சம் ஊற்றினார். குடித்துவிட்டு, "மிளகு இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கலாம் அண்ணாச்சி" என்றேன்.

"தூக்கலா வேணும்னா வீட்ல வச்சுக் குடிங்க தம்பி. இந்தப் பந்தியில அஞ்சு வயசுப் பிள்ளையும் உக்காரும், எம்பது வயசு ஆச்சியும் உக்காருவா. ரெண்டு பேரும் ரெண்டாந்தடவ கேட்டு வாங்கணும். எனக்குப் பிடிச்ச ரசம் வேற, பந்தி ரசம் வேற."

ஒலிம்பிக்ஸில் பதக்கம் வாங்குபவர்களுக்காகத் தேசிய கீதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அண்டாதான் ஞாபகம் வருகிறது.

தேசிய கீதம் விசித்திரமான ஒரு பாட்டு. பாடப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பாட வராது. ஒத்திகை கிடையாது. சுருதிப்பெட்டி கிடையாது. வெயிலில் விறைப்பாக நின்று, விட்டுவிட்டு இரையும் ஒலிபெருக்கியை நம்பி, எல்லோரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்க வேண்டும். கச்சேரிப் பாட்டுக்கு இந்தத் தொல்லைகள் ஏதும் இல்லை. நல்ல கவிதையும் நல்ல மெட்டும் சேர்ந்தால் உடம்பு சிலிர்க்கும் என்று பொதுவாக நினைக்கிறோம். சமையல்கட்டு வழியாக நுழைந்து பார்த்தால் கதை வேறு மாதிரி தெரிகிறது.

முதலில் பாத்திரம். பாட்டுக்குப் பாத்திரம் என்றால் அதன் மிகத் தாழ்ந்த ஸ்வரத்துக்கும் மிக உயர்ந்த ஸ்வரத்துக்கும் இடையே உள்ள தூரம். பயிற்சியில்லாத தொண்டை ஒரு ஸ்தாயி கொள்ளும், அதற்கு மேல் ஒன்றிரண்டு ஸ்வரம் கொள்ளும். அதையும் மீறி ஊற்றினால் வழியும். சிலர் கத்துவார்கள், பலர் வாயை மட்டும் அசைப்பார்கள்.

பிரிட்டனின் கீதம் மிகச் சின்னப் பாத்திரம். 1745இல் லண்டன் நாடக அரங்குகளில் பாடப்பட்ட அந்த மெட்டு, அடியிலிருந்து உச்சிவரை ஏழே ஸ்வரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு ஸ்தாயிகூட நிறையவில்லை. பெரும்பாலும் பக்கத்து ஸ்வரத்துக்கே நகரும், தாவல் அபூர்வம். சப்பென்று இருக்கிறது என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அதைப் பாட முடியாதவர் என்று ஒருவரும் இல்லை. லிக்டன்ஸ்டைன் நாடு இதே மெட்டைத் தன் கீதத்துக்கும் வைத்துக்கொண்டிருக்கிறது.

அமெரிக்க கீதம் நேர் எதிர். மெட்டு அங்கே பிறந்ததே அல்ல. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் சங்கீதப் பிரியர்கள் கூடிய ஒரு சங்கத்துக்காக ஜான் ஸ்டாஃபோர்ட் ஸ்மித் போட்ட மெட்டு அது. குரல்வளம் உள்ள ஒருவர் நடுவில் நின்று பாடிக் காட்டுவதற்கு ஏற்றது. 1814 செப்டம்பரில் பால்டிமோரின் மெக்ஹென்ரி கோட்டையை ஆங்கிலேயக் கப்பல்கள் குண்டு மழையால் தாக்கியதைக் கண்ணால் பார்த்த ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய வரிகள் பின்னர் இந்த மெட்டில் ஏறி உட்கார்ந்தன. 1931இல் அது சட்டப்படி தேசிய கீதமானது. ஷட்ஜத்திலிருந்து மேல்ஸ்தாயிப் பஞ்சமம் வரை, ஒன்றரை ஸ்தாயி போகிறது. மூன்றாவது ஸ்வரத்திலேயே அடிமட்டத்தைத் தொட்டுவிடுவதால், எடுக்கும் இடத்தை அரைக் கட்டை உயர்த்திப் பிடித்தவர் உச்சியில் மாட்டிக்கொள்வார். பெரிய ஆட்டங்களில் தேர்ந்த பாடகர் ஒருவரைப் பாடவிட்டு, அரங்கமே நின்று கேட்டுக்கொண்டிருப்பதற்கு இந்த ஒன்றரை ஸ்தாயியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 1991இல் சூப்பர் பௌல் ஆட்டத்துக்கு முன் விட்னி ஹூஸ்டன் பாடியதை இன்னும் பேசுகிறார்கள். மூன்று எண்ணிக்கையில் நடக்கும் பாட்டை நான்காக்கி, மூச்சுவிட இடம் செய்துகொண்டு பாடினார். அபாரமான ரசம்தான். ஆனால் ஒருவர் வைக்க, ஊர் வேடிக்கை பார்த்த ரசம்.

'ஜன கண மன' இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தொடங்கும் ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். ரிஷபம், காந்தாரம் என்று இரண்டு படி ஏறி, காந்தாரத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறது. வீட்டுக்குள் நடப்பதுபோல நிதானமான ஆரம்பம். கீழே போனால் மந்த்ர நிஷாதம், மேலே போனால் மேல் ஷட்ஜம். மொத்தம் ஒரு ஸ்தாயியும் அரைச் சுரமும். அந்த மேல் ஷட்ஜமும் பாட்டின் கடைசியில், வெற்றி முழக்கம் தொடங்கும் இடத்தில் மட்டுமே வருகிறது. அதுவரை அந்த உயரத்துக்கு யாரையும் கூப்பிடுவதில்லை.

இந்த அளவுப் பாத்திரத்தையும் வழிய வைக்க முடியும். நான் படித்த பள்ளியில் காலைக் கூட்டத்துக்கு மைக் முன்னால் நான்கு மாணவிகள் நிற்பார்கள். சுருதி பிடித்துக் கொடுக்க எதுவும் கிடையாது. அவர்களில் ஒருத்திக்கு எந்தக் கட்டை வாய்க்கு வருகிறதோ அதுதான் அன்றைய சுருதி. பதின்மூன்று வயதுப் பெண்ணின் கீச்சுக்குரலுக்கு ஏற்ற கட்டையில், குரல் உடைந்துகொண்டிருக்கும் பதினைந்து வயதுப் பையன்கள் நானூறு பேர் பாட வேண்டும். நடுப்பகுதி வரை சமாளிப்போம். கடைசி முழக்கம் வந்ததும் பாதிப் பேர் திடீரென்று ஒரு ஸ்தாயி கீழே விழுவோம், மீதிப் பேர் சேவல் மாதிரி கத்துவோம். உடற்பயிற்சி ஆசிரியர் வரிசைக்குள் புகுந்து "எவண்டா அது?" என்று தேடுவார். தேச அவமதிப்பு என்று முட்டி போட்டவர்களில் நானும் உண்டு. எங்கள் மேல் தப்பில்லை என்று சொல்ல அப்போது எனக்குச் சங்கீதம் தெரியாது.

சிங்கப்பூர்க்காரர்கள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். ஸுபிர் சையத் 1958இல் இயற்றிய 'மஜுலா சிங்கப்பூரா' மலாய் மொழிப் பாட்டு. அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளும் பள்ளியில் மலாயில்தான் பாடுகிறார்கள். ஜி சுருதியில் இருந்த அதை 2001இல் எஃப் சுருதிக்கு இறக்கிப் புதிதாகப் பதிவு செய்தார்கள். நம் கணக்கில் ஐந்து கட்டை நான்கு கட்டையானது. காரணம் வேறொன்றும் இல்லை, எல்லோருக்கும் பாட வசதியாக இருக்கட்டும் என்பதே. தேசிய கீதத்தில் கை வைப்பதா என்று தயங்காமல் அண்டாவை மாற்றினார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்தது அடுப்பு. ரசம் கொதிக்கக் கூடாது. நுரை கூடி மேலே வரும் நேரம் பார்த்து இறக்கிவிட வேண்டும். விட்டால் வாசனை எல்லாம் ஆவியோடு போய்விடும். நம் கீதத்துக்கு அரசு வகுத்த நேரம் ஏறத்தாழ 52 விநாடி. முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் கொண்ட குறுவடிவத்துக்கு 20 விநாடி. 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை அதற்கு 55 விநாடி என்றது. நின்றுகொண்டு கவனம் சிதறாமல் இருக்க இந்த ஒரு நிமிடம் போதும். உருகுவே நாட்டின் கீதத்தை முழுதாகப் பாடினால் நான்கைந்து நிமிடம் ஆகும். கிரேக்க கீதத்தின் மூலக்கவிதையில் 158 பத்திகள் உண்டு. நல்லவேளை, கீதமாக எடுத்துக்கொண்டது முதல் இரண்டை மட்டும்.

இனி தாளிப்பு. சிலிர்ப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இங்கேதான் உற்பத்தியாகிறது.

தாளிப்பு இரண்டு வகை. உப்புமாவுக்கு முதலில் தாளிக்கிறோம். எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்தபின்தான் மற்றதெல்லாம். ரசத்துக்குக் கடைசியில். பிரான்ஸின் 'மார்செய்யேஸ்' முதல் வகை. 1792 ஏப்ரலில் பிரான்ஸ் ஆஸ்திரியா மீது போர் தொடுத்தது. எல்லை நகரமான ஸ்ட்ராஸ்பூர்கின் மேயர் தீத்ரிஷ், தன் படைகளுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார். ராணுவப் பொறியாளரும் பாட்டெழுதும் பழக்கம் உள்ளவருமான ரூஜே தெ லீல், அந்த மாதம் 25ஆம் தேதி இரவு உட்கார்ந்து விடிவதற்குள் முடித்துவிட்டார். கீழ்ப் பஞ்சமத்தில் மூன்று தட்டு, ஷட்ஜத்துக்கு ஒரு தாவல், ரிஷபம், அங்கிருந்து மறுபடி தாவி மேல் பஞ்சமம். எண்ணிப் பாருங்கள், எட்டே ஸ்வரத்தில் ஒரு ஸ்தாயி ஏறிவிட்டது. நெடில் ஒன்று குறில் ஒன்று என்று துள்ளும் நடை வேறு. கேட்பவருக்கு யோசிக்க நேரம் இல்லை, கடுகு முகத்தில் தெறிக்கிறது. பாதி வழியில் மெட்டு சட்டென்று இருண்டு ஒரு சோக நிறம் கொள்ளும். உடனே ஆயுதம் எடுக்கச் சொல்லும் பல்லவி வெளிச்சத்தோடு வெடிக்கும். அந்த இருட்டு இல்லாவிட்டால் அந்த வெளிச்சம் பாதிகூடத் தெரியாது. ரசத்தில் புளிப்பு செய்யும் வேலை இது.

'ஜன கண மன' ரச வகை. தொடக்கத்தில் ஒரு தாவலும் இல்லை. அடுத்தடுத்த வரிகளும் ஏறக்குறைய ஒரே வட்டத்துக்குள் சுற்றிச்சுற்றி வருகின்றன. மனப்பாடமாவது இதனால்தான், ஏற்கனவே பாடியதைத்தான் வாய் மறுபடி பாடுகிறது. கடைசியில் நெய்யில் தாளித்துக் கொட்டுகிறார் தாகூர். மூன்று முழக்கம்: முதலாவது மேல் ஷட்ஜத்தில் போய் நிற்கும், இரண்டாவது நிஷாதத்தில், மூன்றாவது தைவதத்தில். படிப்படியாக இறக்கம். முடியப்போகிறது என்று உடம்பு தளரும் நேரத்தில், நான்காவது கீழ்ப்படியிலிருந்து மறுபடி ஏறத் தொடங்குகிறது. ஏறி எங்கே முடிகிறது? ஷட்ஜத்துக்குத் திரும்பாமல் மத்யமத்தில். வீடு திரும்பாத முடிவு. எழுபது வருடத்துக்கு மேலாக ஒரு நாடே இதைப் பாடுகிறது. ஒரு ஹார்மோனியத்தில் வாசித்துப் பார்க்கும்வரை இந்த விஷயம் எனக்கு உறைத்ததே இல்லை. பாட்டு முடிந்தும் காற்றில் ஏதோ தொங்குவதுபோல இருக்கிறதே, அந்த மத்யமம்தான் அது.

நம் தமிழ்த்தாய் வாழ்த்தில் வேறொரு தந்திரம் இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரம் பிள்ளையின் வரிகள் அச்சேறியது 1891இல். அரசு அதை ஏற்று எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டமைத்தது 1970இல். அவர் எடுத்துக்கொண்டது மோகனம். மத்யமமும் நிஷாதமும் இல்லாத ஐந்து ஸ்வர ராகம். பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களுக்கிடையே அரைச் சுர இடைவெளியே கிடையாது. கூட்டத்தில் நாலு பேர் ஒரு ஸ்வரம் தள்ளிப் பாடினாலும் கரகரவென்று உரசாது. கைத்தவறுக்கு இடம் கொடுக்கும் சேர்மானம். பந்திச் சமையல் தெரிந்தவர் கை.

கடைசியாக உப்பு. உப்பு என்று நான் சொல்வது சொற்களை. உப்பே போடாமல் பரிமாறிப் பார்த்த நாடுகள் உண்டு. சோவியத் கீதத்துக்கு 1944இல் மிகால்கோவும் எல்-ரெகிஸ்தானும் எழுதிய வரிகளில் ஸ்டாலின் பெயர் இருந்தது. ஸ்டாலின் மறைந்து, அவர் மீதான மதிப்பும் சரிந்தபின், 1977 வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மெட்டை மட்டும் வாசித்தார்கள். சோவியத் உடைந்தபின் ரஷ்யா கிளிங்காவின் மெட்டு ஒன்றைச் சொல் இல்லாமல் வைத்துக்கொண்டது. மற்ற நாட்டு அணிகள் பாடும்போது ரஷ்ய ஆட்டக்காரர்கள் வாய்மூடி நிற்க வேண்டியிருந்தது. அந்த மனக்குறை பெரிதாகி, 2000 டிசம்பரில் பழைய மெட்டே திரும்பியது. புதுச் சொல் எழுதியவர் அதே மிகால்கோவ், மூன்றாவது முறையாக! ஸ்பெயின் கீதத்துக்கு இன்றும் சொல் இல்லை. 2008இல் ஒரு போட்டி வைத்துத் தேர்ந்த வரிகள் சில நாட்களிலேயே எதிர்ப்பைத் தாங்காமல் கைவிடப்பட்டன. ரசிகர்கள் அரங்கில் 'லா லா லா' என்று பாடிச் சமாளிக்கிறார்கள். உப்பு இல்லாததைச் சாப்பிடலாம். இன்னொரு கை கேட்க மாட்டோம்.

உப்பு கூடினாலும் தொல்லைதான். இலங்கையின் கீதத்தை 1940இல் எழுதிய ஆனந்த சமரக்கோன் சாந்திநிகேதனில் படித்தவர். 1952இல் ஒரு பிரதமர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார், 1959இல் இன்னொருவர் சுடப்பட்டார். பாட்டின் தொடக்க எழுத்துகள் அமங்கலம் என்ற பேச்சு கிளம்பியது. மங்கலச் சொல், கணப்பொருத்தம், நச்செழுத்து என்று பாட்டியல் நூல்களில் படித்திருக்கும் நமக்கு இது புதிதல்ல. 1961இல் கவிஞரின் சம்மதம் இல்லாமலே முதல் வரியை மாற்றினார்கள். அவர் மனமுடைந்தார், அடுத்த ஆண்டு இறந்துபோனார். அதே மெட்டுக்குப் புலவர் மு. நல்லதம்பி எழுதிய தமிழ் வடிவம் உண்டு. பல பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 2016இல்தான் அரசின் சுதந்திர தின விழாவில் அது ஒலித்தது. தனக்குத் தெரிந்த மொழியில் பாடலாமா என்பதே கேள்வியாகிவிட்ட இடத்தில், மெட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் தொண்டைக்குள் இறங்குவதில்லை. தென்னாப்பிரிக்கா வேறு வழி பார்த்தது. இனோக் சொன்டோங்கா 1897இல் இயற்றிய பிரார்த்தனைப் பாட்டையும், நிறவெறி ஆட்சியின் கீதத்தையும் 1997இல் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஐந்து மொழி, நடுவில் சுருதியே மாறுகிறது. சமையல் விதிப்படி உருப்படாமல் போக வேண்டிய கலவை. ஆனால் அந்த நாட்டு மக்கள் பாடக் கேட்டால் மயிர்க்கால் நிற்கிறது.

ஏன் என்றால், பாத்திரம் அடுப்பு தாளிப்பு உப்பு எல்லாம் சமையல்காரர் கையில் இருப்பவை. பசி அவர் கையில் இல்லை. ரூஜே தெ லீல் எழுதியது ரைன் படைக்கான போர்ப்பாட்டு. மார்செய் நகரத் தொண்டர்கள் அதைப் பாடிக்கொண்டே பாரிஸுக்கு நடந்து வந்ததால்தான் அவர்கள் ஊர்ப்பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. 1905இல் கார்டிஃப் மைதானத்தில் நியூசிலாந்து ரக்பி அணி தன் ஹாக்கா ஆட்டத்தை ஆடி முடித்ததும், வேல்ஸ் அணியும் கூட்டமும் பதிலுக்குத் தங்கள் ஊர்ப்பாட்டைப் பாடினார்கள். எந்தச் சட்டமும் அதைக் கீதமாக்கியிருக்கவில்லை. 'ஜன கண மன' 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் முதலில் பாடப்பட்டபோது பல பாட்டுகளில் ஒன்று. 1919இல், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளிக் கல்லூரியில் தாகூர் தங்கியிருந்து பாடிக் காட்ட, மார்கரெட் கசின்ஸ் மெட்டைக் குறியீட்டில் எழுதிவைத்தார். 1950 ஜனவரி 24 அன்று அரசியல் நிர்ணய சபை அதைத் தேசிய கீதமாக ஏற்பதற்குள் ஏறக்குறைய நாற்பது வருடம் ஊறிவிட்டது.

பசி இல்லாதவனுக்கு வற்புறுத்தி ஊட்ட முடியுமா? 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம், திரையரங்குகளில் படத்துக்கு முன் கீதம் ஒலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கையில் பாப்கார்னோடு எழுந்து நின்றவர்களில் நானும் ஒருவன். சிலிர்த்தவர் யாரையும் நான் பார்க்கவில்லை. நிற்காதவரை முறைத்தவர்களைப் பார்த்தேன். 2018 ஜனவரியில் அதே நீதிமன்றம் கட்டாயத்தை நீக்கியது. நல்ல முடிவு என்பேன்.

சுதந்திர தினத்தன்று உங்கள் பள்ளியிலோ குடியிருப்பிலோ மைக் உங்கள் கைக்கு வந்தால் ஒன்று செய்யுங்கள். கொடி ஏறுவதற்கு முன்பே, கடைசி முழக்கத்தின் அந்த மேல் ஷட்ஜத்தை வாய்க்குள் ஒருமுறை பாடிப் பாருங்கள். உங்களுக்குச் சுலபமாக வந்தாலும், பின்வரிசையில் நிற்கும் பையன்களை நினைத்து ஒரு கட்டை இறக்கி எடுங்கள்.